நான் எழுதிய லிஸ்ட்டும் சேச்சியின் தண்ணீர் கேனும்!

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'ஆலப்புழாவில் மிஸ் பண்ணக் கூடாத 10 விஷயங்கள்'. சென்னையில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் எழுதியது. அதற்கு முன் ஆலப்புழாவை நான் பார்த்ததே இல்லை. 'கிழக்கின் வெனிஸ்' என்று ஆரம்பித்திருந்தேன். கர்சன் பிரபு அப்படிச் சொன்னதாக எல்லோரும் எழுதுகிறார்களே என்று நானும் எழுதினேன். (வெனிஸையும் நான் பார்த்ததில்லை.)

கட்டுரை நன்றாக ஓடியது. லீவு சீஸன் வரும்போதெல்லாம் தூசி தட்டி மறுபடி போடுவோம். இந்த பிப்ரவரியில் போட்டபோது திருச்சியிலிருந்து ஒரு வாசகர் மெயில் அனுப்பினார். "மணிக்கு ஒரு அரசுப் படகுன்னு போட்டிருந்தீங்க. மாமியாரையும் ரெண்டு குழந்தைங்களையும் கூட்டிக்கிட்டு ஜெட்டியில ரெண்டரை மணி நேரம் வெயில்ல நின்னோம். நீங்க எப்பவாவது அந்தப் படகுல போயிருக்கீங்களா?"

எடிட்டரிடம் காட்டினேன். "திருத்திடும்மா" என்றார். எதைப் பார்த்துத் திருத்துவது? அந்த 'மணிக்கு ஒரு படகு' எங்கிருந்து வந்தது என்றே எனக்கு ஞாபகமில்லை. மார்ச் முதல் வாரத்தில் லீவு போட்டுவிட்டு ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

முதல் நாள், என் லிஸ்ட்டில் ஏழாவதாக இருந்த கருமாடிக்குப் போனேன். 'அழகிய புத்தர் கோவில்' என்று எழுதியிருந்தேன். அம்பலப்புழாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனால், கால்வாய்க் கரையில் ஒரு சின்ன மண்டபம். உள்ளே கருங்கல்லில் மூன்றடி உயர புத்தர், உட்கார்ந்த நிலையில். இடது பக்கம் பெரும்பகுதி இல்லை. கையும் உடம்பில் பாதியும் போய்விட்டன. ஊர்க்காரர்கள் இவரைக் 'கருமாடிக்குட்டன்' என்கிறார்கள். யானை குத்தியதில் உடைந்தது என்று ஒரு கதை உண்டு. ஆயிரம் வருடப் பழமை சொல்கிறார்கள். கால்வாயில் கிடந்த சிலையைக் கரையேற்றி வைத்தவர், கொச்சி துறைமுகத்தைக் கட்டிய ராபர்ட் பிரிஸ்டோ என்கிறார்கள். 1960-களில் தலாய் லாமா இங்கே வந்து வணங்கியிருக்கிறார். நான் போனபோது மண்டபத்தில் யாருமில்லை. கால்வாயில் ஒருவர் தோணியில் வாத்துத் தீவனம் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

இதே நீர்வழியில் தெற்கே போனால் பல்லனா. மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில், கொல்லத்திலிருந்து ஆலப்புழாவுக்கு 'ரிடீமர்' என்ற படகில் வந்துகொண்டிருந்தபோது, அது இரவில் கவிழ்ந்து, பல்லனா ஆற்றில் இறந்துபோனார். என் லிஸ்ட்டில் பல்லனா இல்லை. 'படகு கவிழ்ந்த இடம்' என்றால் யார் க்ளிக் செய்வார்கள் என்று நினைத்திருப்பேனோ என்னவோ!

மறுநாள் காலை ஆலப்புழா ஜெட்டி. கோட்டயம் போகும் அரசுப் படகு. சுமார் இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு டிக்கெட், நம்மூரில் ஒரு டீயும் ரெண்டு வடையும் சாப்பிடுகிற காசுதான். ஏறி உட்கார்ந்ததும் ஒரு பெண்மணி இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன்களோடு படியில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"மோளே, இதொந்நு பிடிக்காமோ?"

பிடித்தேன். கனத்தது. ஐம்பது வயது இருக்கும். கேன்களை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மலையாளத்தில் அவர் பேசியதை எனக்குப் புரிந்த தமிழில் தருகிறேன். பாதி ஊகம்தான்.

படகு கிளம்பியது. முன்னால் உயரமாக உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பவரை 'ஸ்ராங்க்' என்கிறார்கள். இன்ஜின் அவர் கையில் இல்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் டிரைவர் தனியாக இருக்கிறார். அவருக்குத் தண்ணீர் சரியாகத் தெரியாது, ஸ்ராங்க்குக்கு இன்ஜின் தெரியாது. நடுவில் ஒரு கயிறு. ஸ்ராங்க் இழுத்தால் டிரைவர் தலைமேல் மணி அடிக்கும். எத்தனை மணி என்பதைப் பொறுத்து வேகம் கூடும், குறையும், நிற்கும், பின்னால் போகும். வழி முழுக்க டிங், டிங் டிங்தான். ஒவ்வொரு ஜெட்டியிலும் லஸ்கர் என்கிற உதவியாளர் கயிற்றோடு குதித்து, கட்டையில் ஒரு சுற்று சுற்றி, நாலு பேர் ஏறியதும் அவிழ்த்துக்கொண்டு திரும்பக் குதிப்பார். டவுன் பஸ் கண்டக்டரைப் பார்த்த மாதிரியே இருந்தது.

புன்னமடையைத் தாண்டும்போது வரிசையாக ஹவுஸ்போட்டுகள். 1952-ல் நேரு வந்தபோது பாம்புப் படகுப் போட்டி நடத்திக் காட்டினார்கள். அவர் உற்சாகத்தில் ஜெயித்த படகிலேயே தாவி ஏறிவிட்டாராம். இன்றைக்கும் ஆகஸ்டில் அவர் பெயரில் கோப்பைப் போட்டி நடக்கிறது. ஹவுஸ்போட்டு மாடியிலிருந்து ஒரு குழந்தை எங்களுக்குக் கை ஆட்டியது. எங்கள் படகில் நான் மட்டும்தான் பதிலுக்கு ஆட்டினேன். மற்றவர்கள் பேப்பர் படித்துக்கொண்டோ, தூங்கிக்கொண்டோ இருந்தார்கள்.

ஏரி விரிந்தது. சற்று நேரத்தில் நான் பார்த்தது என்ன என்று புரியவே எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இடது பக்கம் ஒரு கரை, அதில் தென்னை, இரண்டு மூன்று வீடுகள். கரைக்கு அந்தப் பக்கம் விளைந்த நெல். அந்த நெல், படகில் உட்கார்ந்திருக்கும் என் காலுக்கும் கீழே இருந்தது. நாங்கள் மேலே மிதந்து போகிறோம், வயல் கீழே கிடக்கிறது. நம்மூரில் வயலுக்கு மேலே ஏரிக்கரை இருக்கும், சரி. இங்கே வயல் கடல்மட்டத்தைவிடக் கீழே, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல். 2013-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு குட்டநாட்டின் இந்தச் சாகுபடி முறையை உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது.

பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகளும் சேர்ந்து உருவாக்கிய டெல்டா இது. பம்பை என்றதும் நமக்கு சபரிமலைதான். மாலை போட்ட வருடங்களில் என் அப்பா முங்கிக் குளித்த தண்ணீர், மலையிறங்கி இங்கேதான் வந்து சேர்கிறது.

ஜெட்டிகளின் பெயர்களைக் கேட்டால் ராஜ குடும்பத்தின் ரேஷன் கார்டைப் படிப்பது மாதிரி இருக்கும். சித்திரா, மார்த்தாண்டம். கொஞ்சம் தள்ளி ராணி. 1940-களில், போர்க்காலத்தில் அரிசிக்குத் திண்டாட்டம் வந்தபோது, முரிக்கன் என்கிற ஜோசப் முரிக்கன் ஏரிக்குள்ளேயே கரை கட்டி, தண்ணீரை இறைத்து உருவாக்கிய மூன்று வயல்கள். மூன்றும் சேர்ந்து சுமார் இரண்டாயிரம் ஏக்கர். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், அவர் தம்பி மார்த்தாண்ட வர்மா, அவர்கள் அம்மா என்று மூவரின் நினைவாகப் பெயர்கள். சித்திராவில் முரிக்கன் கட்டிய தேவாலயம் படகிலிருந்தே தெரிகிறது. 'காயல் ராஜா' என்று புகழப்பட்ட அவரின் நிலங்களை 1970-களில் நிலச்சீர்திருத்தத்தின்போது அரசு எடுத்துக்கொண்டது.

கட்டியவர் பெயர் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் முங்கி, ஏரியின் அடிச்சேற்றை அள்ளிக் கரை எழுப்பியவர்களில் பெரும்பாலோர் புலையர் சமூகத்துத் தொழிலாளர்கள். அவர்கள் பெயரில் ஜெட்டி இல்லை. கரை நிற்க வேண்டும் என்று ஆளையே உள்ளே வைத்து மண் போட்டதாக இங்கே வாய்வழிக் கதைகள் உலவுகின்றன. சேச்சியிடம் கேட்டேன். "எங்க அம்மம்மா சொல்லுவாங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

கேன் பற்றிக் கேட்டேன். எங்கே பார்த்தாலும் தண்ணீர். எதற்கு ஆலப்புழாவிலிருந்து தூக்கிப் போகிறீர்கள்?

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல கை கழுவுவியா மோளே?"

எட்டிப் பார்த்தேன். ஆகாயத்தாமரை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், லேசாக எண்ணெய் மினுமினுப்பு. கோடையில் ஏரியின் உப்பு வயலுக்குள் வராமல் இருக்க, வடக்கே தண்ணீர்முக்கத்தில் ஒரு பெரிய தடுப்பணை. 1970-களில் வந்தது. டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். உப்பு வராது, நெல் பிழைக்கும். ஆனால் தண்ணீரும் ஓடாது. வயலில் அடித்த மருந்து, ஹவுஸ்போட்டின் கழிவு, மேலே ஊர்களிலிருந்து வருவது எல்லாம் அப்படியே தங்கிவிடும். மீன் பிடிப்பவர்கள் ஷட்டரைத் திற என்பார்கள், நெல் போட்டவர்கள் மூடு என்பார்கள். சேச்சியின் கணவர் மீன் பிடிக்கிறார், அண்ணன் நெல் போட்டிருக்கிறார். "டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் எங்க வீட்ல பேச்சுவார்த்தை கிடையாது" என்று சிரித்தார்.

பைப் இருக்கிறது. வரும் நாளில் வரும், வராத நாளில் கேன். ஒரு கேன் சமையலுக்கு, ஒரு கேன் குடிக்க. குளிப்பதும் துணி துவைப்பதும் ஏரியிலேயே.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டையே காலி செய்ய வேண்டி வந்தது. இவர்களும் இதே மாதிரி ஒரு படகில்தான் ஏறிப் போனார்கள். மூன்று வாரம் பள்ளிக்கூடத்தில் முகாம். திரும்பி வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் சேறு. "எங்க வரிசையில பதினோரு வீடு இருந்துச்சு. இப்ப நாலு. பொண்ணு கோட்டயத்துல நர்ஸு. வந்து எங்ககூட இருங்கங்கறா."

"போகலாமே சேச்சி?"

"போனா இந்தக் கரையை யாரு பாத்துக்குவா?"

எனக்கு முதலில் இது ஏதோ ஊர்ப்பாசம் என்று தோன்றியது. அவர் சொன்னது அதுவல்ல. கரையில் நண்டு ஓட்டை போடும். அதைத் தினமும் யாராவது பார்த்து அடைக்க வேண்டும். விட்டால் உடைப்பு எடுக்கும். அதற்கு இங்கே 'மட' என்று பெயர். ஒரு மட விழுந்தால், ஒரு ராத்திரியில் முழு வயலும் ஏரி. மேலே ஆட்கள் குடியிருப்பதால்தான் கீழே நெல் இருக்கிறது. ஆட்கள் போகப் போக என்ன ஆகும் என்பதை ஆர் பிளாக் வந்ததும் காட்டினார். ஒரு காலத்தில் ஹாலந்து மாதிரி என்று பேசப்பட்ட இடம். ராப்பகலாகப் பம்பு ஓடினால்தான் அங்கே தரை. கூரை விழுந்த வீடுகள், மொட்டைத் தென்னைகள், அவற்றின் காலடியில் தண்ணீர்.

சேச்சி இறங்கும் ஜெட்டி அதற்கு அடுத்தது. கேனை நான் எடுத்துக் கொடுத்தேன், லஸ்கர் வாங்கிக் கரையில் வைத்தார். இரண்டாவது கேனைக் கொடுப்பதற்குள் ஸ்ராங்க் மணிக் கயிற்றில் கை வைத்துவிட்டார். ஆனால் இழுக்கவில்லை. சேச்சி திரும்பி, "நீ பத்திரிகைன்னு சொன்னியே, போட் டைமைச் சரியா எழுது. தப்பான நேரத்துல வந்து எங்க உசிரை வாங்கறாங்க" என்றார்.

நான் வாயே திறக்கவில்லை.

அதே ஜெட்டியில் ஒரு அண்ணன் ஏறினார். தமிழ் சத்தம் கேட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலம் பக்கம். நெல் அறுக்கும் செயின் வண்டியோடு வந்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவத்தில் தமிழ்நாட்டு மெஷின்கள்தான் குட்டநாட்டுக்கு வருகின்றன. அறுவடையை இங்கே 'கொய்த்து' என்கிறார்கள். நாம் பூவோடு நிறுத்திக்கொண்டோம். "வண்டியை ஜங்கார்ல ஏத்தி வயல் வரைக்கும் கொண்டு வரணும் தங்கச்சி. சேத்துல எறங்கினா செயின் முழுகிடும். ஒரு கோடை மழை வந்துச்சுன்னா வண்டி நிக்கும், நெல்லு நிக்கும், எங்க வாடகையும் நிக்கும்" என்றார். வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேற்கே கொஞ்சம் கருப்பாகத்தான் இருந்தது.

கோட்டயம் நெருங்கும்போது வாய்க்கால் குறுகி, குறுக்கே சின்னச் சின்னத் தூக்குப் பாலங்கள். படகு சத்தம் கேட்டதும் கரையில் யாராவது வந்து கயிற்றை இழுத்துப் பாலத்தைத் தூக்குகிறார்கள். ஒரு பாலத்தில் ஒரு பாட்டி, இன்னொன்றில் யூனிஃபார்மோடு ஒரு பையன். படகு போனதும் பாலத்தை இறக்கிவிட்டு அதன் மேலேயே ஏறி ஸ்கூலுக்கு ஓடினான்.

மதியப் படகில் ஆலப்புழா திரும்பி, ஜெட்டி பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே கட்டுரையைத் திறந்தேன். 'கிழக்கின் வெனிஸ்' போனது. 'கிராமங்களைப் பார்க்க ஹவுஸ்போட்தான் ஒரே வழி' போனது. ஏழாவதில் 'அழகிய கோவிலை' எடுத்துவிட்டு, பாதி உடம்போடு இருக்கும் கருமாடிக்குட்டனை எழுதினேன். பல்லனாவைச் சேர்த்தேன். படகு பகுதியை இப்படி மாற்றினேன்: 'ஒரு நாளைக்குச் சில படகுகளே உண்டு. நேரம் மாறும். ஜெட்டியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடைசிப் படகு எப்போது திரும்பும் என்பதையும் கேளுங்கள். கேனோடு யாராவது ஏறினால் ஒரு கை கொடுங்கள்.'

திருச்சி வாசகருக்கு மன்னிப்பு கேட்டு மெயில் போட்டேன். பதில் வரவில்லை. எடிட்டரிடமிருந்து வந்தது.

"படிச்சேன், ஓகே. ஆனா எண்ணிப் பாத்தா ஒன்பதுதான் இருக்கு. டைட்டில்ல 10-னு இருக்கே?"