விழுதுகள் தாங்கும் நகரம்

சென்னையிலிருந்து புறப்பட்ட ஹௌரா மெயில், இரண்டு இரவுகளையும் கிருஷ்ணை, கோதாவரி, மகாநதி என்னும் மூன்று பேராறுகளையும் கடந்து, என்னையும் என் மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் ஒரு தகரப் பெட்டியையும் ஒரு படுக்கைச் சுருளையும் மூன்றாம் நாள் விடியற்காலையில் ஹௌரா நிலையத்தில் இறக்கிவிட்டபோது, 1981-ஆம் ஆண்டின் ஆனி மாதத்து மழை அந்த நகரத்தின்மேல் பெய்துகொண்டிருந்தது. நான் பிறந்து வளர்ந்தது காவிரிக் கரையில் ஒரு சிறு கிராமம். எதிரே வருகிறவர் எவரானாலும் இன்னாருடைய பிள்ளை, இன்னாருடைய மருமகள் என்று சொல்லிவிடக்கூடிய ஊர் அது. உத்தியோக மாற்றத்தின் பொருட்டுக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த நான், நிலையத்து வாயிலில் நின்று, ஹூக்ளி நதியின்மேல் வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற பாலத்தையும், அதன்மேல் இடைவெளியின்றி நகர்ந்துகொண்டிருந்த ஜனசமூகத்தையும் பார்த்தபோது, இந்த லட்சோபலட்சம் பேரில் என் பெயரை அறிந்தவர் ஒருவர்கூட இல்லையே என்ற எண்ணம் நெஞ்சை அழுத்தியது.

அந்தப் பாலம் 1943-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 26,500 டன் எஃகினால் ஆன அது, மரையும் திருகாணியும் இல்லாமல், முழுவதும் ரிவெட் ஆணிகளாலேயே பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தலையில் காய்கறிக் கூடையைச் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்த ஒரு கிழவர், என் கையிலிருந்த குழந்தை நனைவதைப் பார்த்து, ஒரு கணம் நின்று, தம் தோளில் கிடந்த துண்டை அதன் தலையில் போர்த்திவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கூட்டத்தில் கலந்து மறைந்துவிட்டார் என்பதுதான். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க இன்றுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை.

ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருந்து வந்தார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் கிடைக்கும் சந்தை அது. காலையில் அந்தப் பக்கம் போனால் காபிக்கொட்டை வறுபடும் வாசனை நம்மை ஊருக்கே அழைத்துச் சென்றுவிடும். அங்கே ஒரு சந்தில் இரண்டு அறைகள் கொண்ட கீழ்வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஆனால், ‘சேலாமி’ என்று அங்கே வழங்கும், திரும்பி வராத முன்பணத்துக்காக, மனைவியின் வளையல்களில் இரண்டை விற்க நேர்ந்தது. குழாயில் தண்ணீர் காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமுமே வரும். வராத நாளில், தெருமுனையில் இருந்த அடிகுழாயின் முன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அடுப்படியும் குளிக்கும் இடமும் வேறு இரு குடும்பங்களுக்கும் பொது. தனக்கென்று நான்கு சுவர்களும் ஒரு கிணறும் ஒரு கொல்லையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த கிராமத்து மனத்துக்கு இது எத்தகைய தண்டனையாகத் தோன்றியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அலுவலகம் போய் வருவது அதைவிடப் பெரிய சிரமம். இந்தியாவின் முதல் நிலத்தடி ரயில் பாதைக்காக, சௌரங்கியிலிருந்து பவானிப்பூர் வழியாகத் தெற்கே வரும் நெடுஞ்சாலையைப் பல ஆண்டுகளாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து அகழ்போல் வெட்டி, சுவர் எழுப்பி, பிறகு மூடும் முறையில் அந்த வேலை நடந்ததால், நகரத்தின் பிரதான வீதியே ஆண்டுக்கணக்கில் பிளந்து கிடந்தது. பஸ்ஸின் படியில் ஒரு காலை வைக்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மழைநாளில் அதுவும் இல்லை. மாலையில் களைத்து வீடு திரும்பினால் மின்சாரம் இராது. ‘லோட்ஷெடிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை வங்காளக் குழந்தைகள் தாய்மொழிச் சொல்லாகவே கற்றுக்கொண்ட காலம் அது. நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று விளக்கும் விசிறியும் நின்றுபோக, புழுக்கத்தில் குழந்தை அழும். இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்று முதல் ஆறு மாதங்களில் நான் எழுதிய விண்ணப்பங்கள் மூன்று.

அந்த இருட்டுத்தான் எனக்கு முதன்முதலில் அந்த நகரத்தைப் பரிச்சயம் செய்து வைத்தது.

நம் ஊர்த் திண்ணையைப் போலவே, அந்த நகரத்துப் பழைய வீடுகளின் வாசலில் ‘ரோவாக்’ என்னும் மேடை ஒன்று உண்டு. விளக்கு அணைந்ததும் வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த மேடைகளில் அமர்வார்கள். ‘அட்டா’ என்று வங்காளிகள் பெயரிட்டிருக்கும் சாவகாசமான சம்பாஷணை தொடங்கும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மருந்துக் கடைச் சிப்பந்தி, அச்சுக் கோப்பவர், கல்லூரி மாணவன் ஆகிய எல்லோரும் அதில் சமம். என்னை அவர்கள் ‘தாதா’ என்று அழைத்தார்கள். அண்ணன் என்பது அதற்கு அர்த்தம். வீட்டுச் சொந்தக்காரரின் தாயாரை நாங்கள் ‘மாஷிமா’ என்று அழைக்கத் தொடங்கினோம். அது சித்தி, பெரியம்மா முறை. த. நா. குமாரஸ்வாமியும் த. நா. சேனாபதியும் தமிழாக்கிய வங்க நாவல்களைச் சிறு வயதில் படித்தவன் நான் என்று சொன்னபோது, தாராசங்கரின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ காவிரிக் கரை வரைக்கும் வந்துவிட்டதா என்று வியந்து, அந்த ஆசிரியர் எழுந்து வந்து என் கைகளைப் பற்றிக்கொண்டார். மின்சாரம் வந்ததும் எல்லோரும் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அது சற்றுத் தாமதமாக வரட்டுமே என்று விரும்பத் தொடங்கிய நாளில், நான் அந்த ஊர்க்காரன் ஆனேன்.

கல்கத்தாவின் பூமி, நதிக்கரையில் உயர்ந்தும் கிழக்கே போகப்போகத் தாழ்ந்தும் இருக்கிறது. எனவே, பெய்யும் மழை பக்கத்திலேயே ஹூக்ளி என்ற பெயரில் ஓடும் கங்கையில் போய்ச் சேராது. கிழக்குச் சதுப்பு நிலங்களை நோக்கித்தான் அதைக் கொண்டு போக வேண்டும். கனமழை பெய்தால் டண்டனியாவும் ஆம்ஹர்ஸ்ட் தெருவும் குளங்களாகிவிடும். எங்கள் சந்தும் அப்படியே. இரண்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில், முழங்காலளவு நீர் நின்ற ஓர் இரவு, குழந்தைக்குக் கடும் காய்ச்சல் கண்டது. டாக்ஸி கிடையாது, பஸ் கிடையாது. மனிதன் மனிதனை வைத்து இழுக்கும் ரிக்ஷாவில் ஏறுவதில்லை என்று நான் ஒரு விரதம்போல் வைத்துக்கொண்டிருந்தேன். அன்று அது நிற்கவில்லை. பிஹாரிலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த அந்த மனிதர், பள்ளம் எது, மேடு எது என்று காலாலேயே தடவி அறிந்துகொண்டு, கருநீரில் வண்டியை இழுத்துச் சென்று, வைத்தியர் வீட்டு வாசலில் நள்ளிரவு வரை காத்திருந்து, எங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் மாலை வந்து, “பாபு, குழந்தைக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போனார். என் கிராமத்தில் இதைவிட நெருங்கிய உறவினர் எனக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆயினும், அவருடைய கால்கள் அன்று பட்ட பாட்டை நினைக்கும்போதெல்லாம், ஒரு மனிதனின் நல்ல குணத்தை நம்பி ஒரு நகரம் தன் குறைகளைத் திருத்தாமல் இருந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் கூடவே எழுகிறது.

எங்களைத் தொல்லைப்படுத்திய அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டேன். நகரத்துக்குக் கிழக்கே, ‘பேரி’ என்னும் ஆழமற்ற மீன் குளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. கால்வாய்களில் வரும் சாக்கடை நீரை அளவறிந்து அவற்றில் விட்டு, வெயிலும் நுண்பாசியும் அதைத் தூய்மை செய்ய, அந்தப் பாசியைத் தின்று வளரும் மீனை வலைபோட்டு எடுத்து நகரச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். எஞ்சிய நீர் நெல்வயலுக்குப் போகிறது. எந்த இயந்திரமும் செய்யாத இந்தக் காரியத்தைச் செம்படவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் அனுபவத்தால் செய்து வருகிறார்கள். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002-இல் இடம் பெற்றது. நகரம் வேண்டாம் என்று தள்ளியதை வாங்கி நகரத்துக்கே அன்னமாகத் திருப்பிக் கொடுக்கும் அந்தக் குளங்களின் கரையில் நின்றபோது, என் மனத்திலிருந்த கசப்பில் பாதி கரைந்தது.

இன்பங்களைச் சொல்லத் தொடங்கினால், முதலில் டிராமைச் சொல்ல வேண்டும். 1873-இல் குதிரைகள் இழுக்க ஓடத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறிய வண்டி அது. ஞாயிறு காலைகளில் கிதிர்ப்பூரிலிருந்து எஸ்பிளனேடு வரும் டிராமில், பனி விலகாத மைதானத்தின் புல்வெளியும் மரங்களும் இருபுறமும் நகர்ந்து செல்ல, ஒரு சில்லறைக் காசுக்கு நான் அனுபவித்த ஆனந்தத்தை, ராஜாக்களும் தம் ரதங்களில் அனுபவித்திருப்பார்களோ என்பது சந்தேகம். காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளில், ஒரு புத்தகத்தையும் வாங்காமல் மணிக்கணக்கில் நின்று படித்தாலும் எவரும் விரட்டுவதில்லை. அதன் அருகே, தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தும் காபி ஹவுஸில், ஒரு கோப்பைக் காபியை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம்.

எல்லாவற்றிலும் மேலாக, அலிப்பூரில் பெல்வெடேர் மாளிகையில் இருந்த தேசிய நூலகம். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து அரும்பணி ஆற்றிய எஸ். வையாபுரிப் பிள்ளை, வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன. தாமிரபரணிச் சீமையில் பிறந்த ஒருவரின் புத்தகச் செல்வத்தை, காவிரிக் கரையில் பிறந்தவன் கங்கைக் கரையில் உட்கார்ந்து படிக்கிறான். அதற்கு அவன் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மாளிகை, வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் வாசம் செய்த இடம். 1953-இல் அதன் கதவுகள் நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. வீட்டில் எனக்கு ஒரு மேஜை வைக்க இடமில்லை. வெளியே எனக்கு ஒரு மாளிகையே இருந்தது.

அப்பொழுதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மாநகரத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாகக் கிடைப்பது அற்பம். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது ஏராளம். தன் வீட்டுக்குள் வந்து சேருவதை மட்டும் கணக்குப் பார்க்கிறவன் அங்கே ஏழையாகவே இருப்பான். தெருவையும் ஏரியையும் நூலகத்தையும் தன் சொத்தாகக் கொள்ளத் தெரிந்தவன் தனவந்தன் ஆகிறான்.

புரட்டாசியில் மகாளய அமாவாசையன்று, விடியுமுன் நான்கு மணிக்கு, சந்திலுள்ள எல்லா வீட்டு வானொலிகளிலிருந்தும் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் கம்பீரமான குரலில் தேவி மகாத்மியம் எழும். 1931 முதல் நடந்துவரும் நிகழ்ச்சி அது. பிறகு, குமார்துலியில் வைக்கோலும் கங்கைக் களிமண்ணும் கொண்டு வனைந்த துர்க்கை, ஒவ்வொரு தெருவுக்கும் எழுந்தருள்வாள். எங்கள் தெருப் பந்தலில் கிச்சடிப் பிரசாதம் பரிமாறும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது, “தாதா நம் தெருக்காரர்தானே!” என்று அச்சுக் கோப்பவர் சொன்ன சொல்லைவிடப் பெரிய கௌரவம் எனக்கு உத்தியோகத்தில் கிடைக்கவில்லை.

1984 அக்டோபர் 24 அன்று, எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை, 3.4 கிலோமீட்டர் தூரத்துக்கு, நிலத்தடி ரயில் ஓடத் தொடங்கியது. சில நாட்களுக்குப் பின், எங்கள் மாஷிமாவை அழைத்துச் சென்றேன். பத்தாண்டுகளாகச் சேறும் குழியுமாகக் கிடந்த தெருவின் அடியில், ஒளி பொருந்திய அந்த வண்டியில் அமர்ந்து, இரு முனைகளுக்கும் போய்த் திரும்பிய அவள், “இதற்காக நாம் பட்ட கஷ்டம் போகட்டும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு, நான் மறந்தேபோயிருந்த விண்ணப்பங்களில் ஒன்று பலித்து மாற்றல் உத்தரவு வந்தது. விடைபெறுமுன் சிப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் போனேன். 1787-இல் அமைந்த அந்தத் தோட்டத்தில், ஒரு வனமே போல் விரிந்த ஆலமரம் ஒன்று இருக்கிறது. புயல்களில் அடிபட்டு, பூஞ்சக்காளான் பற்றியதால், 1925-இல் அதன் நடுமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆயினும் அது சாகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகள் மண்ணில் ஊன்றி அதை இன்றளவும் தாங்குகின்றன. 1911-இல் தலைநகர் என்ற பதவியை டில்லிக்கு இழந்து, பிரிவினையில் அகதிகளின் பெருவெள்ளத்தைச் சுமந்து, இன்னும் எத்தனையோ இன்னல்களுக்குப் பிறகும் கல்கத்தா எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு அந்த மரம் எனக்கு விடை சொல்லிற்று. துண்டு போர்த்திய கிழவரும், நீரில் வண்டி இழுத்தவரும், ரோவாக்கில் அமர்ந்த ஆசிரியரும் அதன் விழுதுகள்.

2025 தை மாதத்தில் மீண்டும் போனேன். கொல்கத்தா என்று பெயர் மாறியிருக்கும் அந்த நகரத்தில், ஹூக்ளி நதியின் அடியிலேயே இப்போது ரயில் ஓடுகிறது. ஆனால் டிராம் தடங்கள் இரண்டொன்றாகச் சுருங்கிவிட்டன. மைதானத்துத் தடம் ஒன்றை நினைவுச் சின்னம்போல் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்திவிடும் உத்தேசத்தை 2024-இல் மாநில அரசு வெளியிட்டிருக்கிறது. டிராம் வேண்டும் என்று நகரவாசிகள் பலர் போராடுகிறார்கள். அவர்கள் பக்கம்தான் என் மனம் இருக்கிறது. சென்னையிலும் 1895-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1953-இல் நின்றுவிட்டது. அதில் ஏறிய இன்பத்தை இன்று நம் பேரக் குழந்தைகளுக்குக் காட்ட நம்மிடம் ஒன்றுமில்லை.

ஆகையால், சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ வாழும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் பொது நூலகத்துக்கும் ஏரிக்கரைக்கும் பூங்காவுக்கும் வாரத்தில் ஒரு நாளாவது குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். போகிறவர்கள் இருக்கும் வரையில்தான் அவை இருக்கும்.