சமையற்கட்டுச் சுவர்

அடுப்பு எந்த மூலையில் எரிய வேண்டும் என்று கேட்க நாம் ஆள் தேடி ஓடுகிறோம். வாஸ்து கற்றவராம் அவர்! தட்சிணை வைத்து, தென்கிழக்கு என்னும் விடையைப் பெற்று, பூரிப்போடு திரும்புகிறோம். ஆனால், பிளக் பாயிண்ட் எந்த உயரத்தில், எத்தனை அடி தள்ளி அமைய வேண்டும் என்று எவரையேனும் கேட்டதுண்டா? எலக்ட்ரீசியன் வருகிறார், வீட்டுத் தலைவரைப் பார்த்து, "ஐயா, எங்கே வைக்கட்டும்?" என்கிறார். காப்பி கேட்பதற்கன்றி அந்த அறைப்பக்கம் தலைகாட்டாத தலைவர், ஆட்காட்டி விரலை ஒரு சுவர்ப்பக்கம் நீட்டுகிறார். முடிந்தது! விரல் நீட்டியவர் கூடத்துக்குப் போய்விடுவார். அந்த இடத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடப்போகிறவள், அங்கே உழைக்கும் பெண்.

முன்னர் நாம் குடியிருந்த வாடகை வீட்டில் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதுவும் வாயிற்படிக்கருகே, விளக்குச் சுவிட்சோடு ஒட்டி, தலை உயரத்தில்! மிக்சியின் கம்பி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஊஞ்சலாடும். ஈரம் பட்ட தோல் மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடும். அரிசி களைந்த கையோடு அந்தக் கம்பியைத் தொட நேரும் தாய்க்கு, தென்கிழக்கு மூலை காவல் நிற்குமா?

2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தால் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையின்றி இல்லந்தோறும் வந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓய்வு பெற்றன, தோள்வலி குறைந்தது. நல்லது, மிக நல்லது! ஆனால் கருவி வந்த வேகத்தில் சுவர் மாறிற்றா? ஒரே பாயிண்டில் இரண்டையும் மூன்றையும் கொக்கிபோல் மாட்டும் வழக்கமன்றோ வளர்ந்தது!

அண்மையில் நம் சமையற்கட்டைப் புதுப்பித்தபோது, பூச்சு வேலைக்கு முன்பே துணைவியாரிடம் சாக்பீசைக் கொடுத்தோம். அவர் மேடையெதிரே நின்று, மாவரைப்பதுபோலும் தாளிப்பதுபோலும் கைகளை அசைத்துப் பார்த்துக் கோடிட்டார். மேடைக்கு மேல் 9 அங்குலத்தில் ஒரு வரிசை: சிந்தும் நீர் எட்டாது, கம்பியும் தொங்காது. தொட்டியிலிருந்து மூன்றடி தள்ளி. அடுப்புக்குப் பின்புறம் எதுவும் கூடாது. தீயைத் தாண்டிக் கை நீட்டுவதா? பிரிட்ஜுக்கான சுவிட்ச் அதன் முதுகுக்குப் பின்னே ஒளியாமல் பக்கவாட்டில்.

எலக்ட்ரீசியன் தம் பங்குக்குச் சொன்னது செவிமடுக்கத் தக்கது. 2000 வாட் மின்னடுப்பு, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சிறு பிளக்கில் மாட்டினால் கம்பி சூடேறி உருகும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட், தனிக் கம்பி. மூன்றாம் முனைக்கு எர்த் கட்டாயம். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் பெட்டியில் வேண்டும் என்றார். செலவைக் கணக்கிட்டு முகம் சுளித்த உறவினர் ஒருவர், "இத்தனை எதற்கு?" என்றார். டைல்ஸ் ஒட்டியபின் ஒரு பாயிண்டை நான்கு அங்குலம் நகர்த்த, உடைத்து, கொத்தி, அதே நிற ஓட்டுக்குக் கடைகடையாய் அலைவதற்கு ஆகும் செலவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

கோடுகளை எண்ணிய எலக்ட்ரீசியன், சன்னலோரம் இருந்த கடைசிக் கோட்டைக் காட்டி, "இங்கே என்ன கருவி, அம்மா?" என்று கேட்டார்.

"வானொலி" என்றார் துணைவியார்.