112-ஆம் நம்பர் ஓட்டோ

2022 ஜூன் கடைசி, கண்டி. பேராதனை வீதியில் ஒரு பெட்ரோல் ஷெட்டில் தொடங்கிய வரிசை வளைவைத் தாண்டிப் போயிருந்தது. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வேன் எல்லாவற்றின் முன்கண்ணாடியிலும் சோக்கட்டியால் எழுதிய நம்பர். எண்ணெய் பவுசர் எப்போது வரும் என்று ஷெட்காரருக்கே தெரியாது.

பூட்டிக் கிடந்த கடை வாசலில் நான்கு பேர் 304 சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற யாராவது சலித்துப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் வரிசை கொஞ்சம் நகரும். அப்போது 112-ஆம் நம்பர் ஓட்டோக்காரர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுவார். எஞ்சினை உயிர்ப்பிக்க மாட்டார். ஒரு கை ஹேண்டிலில், தோள் கம்பியில்; ஒரே தள்ளு. திரும்பி வந்ததும் சீட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். எஞ்சினை உயிர்ப்பிக்காததற்குக் காரணம் உண்டு: முந்தின டிசம்பரில் 177 ரூபாய்க்கு விற்ற லீட்டர் பெட்ரோல் அப்போது 470.

மண்ணெண்ணெய் வரிசையில் ஆட்களைவிடக் கேன்கள் அதிகம். கைப்பிடிகளில் ஒரே கயிற்றைக் கோத்துக் கட்டிவிட்டு, ஆட்கள் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து நடந்தே இறங்கி வந்த ஒரு அம்மா மட்டும் தன் கேன் மேலேயே உட்கார்ந்திருந்தார். மார்ச் மாதம் இதே கண்டியில் எண்ணெய்க்கு நின்ற ஒரு முதியவர் வரிசையிலேயே விழுந்து இறந்துபோனார்.

எதிர்த் தேநீர்க் கடையில் கேஸ் இல்லாமல் விறகடுப்பு. பால்மாவும் இல்லை, பிளேன்டீ மட்டும்தான். பால்மா நியூசிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும், சரி. தேயிலை பின்னால் தெரிகிற மலையில்தானே விளைகிறது? அதிலும் அரசாங்கத்தார் கை வைத்துவிட்டார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்து, நவம்பரில் தளர்த்தினார்கள். 2021-இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் 2022-இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது.

சீட்டாட்டத்தில் ஒருவர் எல்லாவற்றுக்கும் உக்ரைன் சண்டைதான் காரணம் என்றார். இன்னொருவர் கொரோனா என்றார். மூன்றாமவர் சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல், "காசில்லடா" என்றார். என் ஓட்டு அவருக்குத்தான். கொரோனாவில் சுற்றுலா படுத்ததும், சண்டையில் எண்ணெய் விலை ஏறியதும் உண்மைதான். ஆனால் கப்பல் வராமல் இல்லை. மார்ச் 28 முதல் ஒரு பெட்ரோல் கப்பல் நம் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கிறது, கொடுக்க டொலர் இல்லை என்று மே மாதம் அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று ஏப்ரல் 12-இல் அரசாங்கம் அறிவித்திருந்தது. கடனைக் கட்டாதவனுக்கு எந்தக் கடைக்காரன் மறுபடி கடன் கொடுப்பான்?

மூன்று மணிக்கு பவுசர் வந்தது. ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அறிவித்திருந்தார்கள். ஸ்கூட்டியில் வந்த ஒரு நர்ஸ் அடையாள அட்டையைக் காட்டி முன்னால் போனார். "அப்ப நாங்க அத்தியாவசியம் இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான்கைந்து பேர் வழியை மறித்தார்கள். பேராதனை வைத்தியசாலையில் மருந்தில்லாமல் மார்ச் கடைசியில் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் வெயில்.

112 எழுந்துபோய் ஆட்களை விலக்கிவிட்டார். நர்ஸ் எண்ணெய் அடித்துத் திரும்பும்போது பக்கத்தில் போய், "மிஸ், அம்மாவோட பிரஷர் குளிசை வந்திருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் வரல்ல. கட்டுகஸ்தோட்டைல ஒரு பார்மசில இருக்குன்னு சொன்னாங்க. இன்னைக்கே போயிருங்க, முடிஞ்சிரும்."

"பெட்ரோல் கிடைச்சா போயிருவேன் மிஸ்" என்றார்.