பணம் எந்த வழியாக வருகிறது

ரஞ்சன்குடி, ஆடி 3

இணையச் செயலி வடிவமைப்பு என்றதும் நிறம், எழுத்துரு, பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. மென்பொருள் தொழில் என்றால் முதலீடு, விற்பனை, சந்தை. இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதால்தான் சிறிய தொழில்கள் தடுமாறுகின்றன என்று நினைக்கிறேன். பணம் யாரிடமிருந்து, எப்போது, எந்த வழியாக வருகிறதோ, அதுதான் திரையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதைத் தீர்மானிக்கிறது. 1986இல் தொடங்கிய கணக்கு மென்பொருளான டேலியைப் பாருங்கள். ஊருக்கு ஊர் டீலர்கள் மூலம் உரிமம் விற்றுப் பணம் வந்தது. வாங்கச் சொன்னவர் கடையின் கணக்கர். அவர் கை விசைப்பலகையை விட்டு எடுக்காது. அதனால் மவுஸைத் தொடாமலே வேலை முடிகிற, பல ஆண்டுகள் பெரிதாக மாறாத திரை அமைந்தது. கூடுதலாக ஏதாவது வேண்டுமென்றால் டீலர் செய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டார். அழகில்லை என்று சொன்ன வடிவமைப்பாளர்கள் உண்டு, ஆனால் அவர்கள் யாரும் டேலிக்குப் பணம் கொடுத்தவர்கள் அல்லர்.

எதிர்ப்பக்கத்தில் காதாபுக். கடைக்காரரின் கடன் நோட்டைக் கைபேசியில் வைத்துக்கொள்ள இலவசமாகக் கொடுத்தது. 2021இல் மட்டும் 10 கோடி டாலர் முதலீடு பெற்றது. முதலீட்டாளருக்குக் காட்ட வேண்டியது பயனர் எண்ணிக்கை. ஆகவே கடன் வாங்கியவருக்கு நினைவூட்டல் செய்தி அனுப்பும் வசதி அங்கே திரையின் நடுவில் வந்து உட்காருகிறது, அந்தச் செய்தியோடு செயலியின் பெயரும் அடுத்த வீட்டுக்குப் போகிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை, வரவு வருகிற வழி அப்படிக் கேட்கிறது. ஆனால் சொந்தக் காசில் தொழில் நடத்துகிறவர் அந்தத் திரையைப் பார்த்து நகலெடுத்தால், தன்னிடம் இல்லாத ஒரு வரவுக்கான செலவைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

ஆடி 6

இதை இந்தப் பகுதிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கத்திலேயே திருச்சி–சென்னை நெடுஞ்சாலை போகிறது. இணைய வசதி இங்கே பெரிய தடை இல்லை. பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று வாழ்கிற மாவட்டம். வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்து, விலை பார்த்து விற்கிறார்கள். விற்கும் இடம் கமிஷன் மண்டி. அந்த மண்டிக்கு ஒரு இணையச் செயலி செய்தால் விற்குமா?

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது ஆயிரக்கணக்கான சிறு வணிகர்கள் மென்பொருள் வாங்கியது ஆசையால் அல்ல, கட்டாயத்தால். வெங்காய மண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெங்காயத்துக்கு வரி கிடையாது, விளைபொருளை விற்றுக் கொடுக்கும் கமிஷன் ஏஜெண்டின் சேவைக்கும் வரிவிலக்கு உண்டு. அரசு தள்ளாத இடத்தில் வேலையின் வேகம்தான் விற்க வேண்டும். அப்படியானால் செயலி முழுவதும் ஒரே திரை: பட்டியல். விவசாயி பெயர், ஊர், மூட்டை, எடை, ரேட்டு; கழிவில் கமிஷன், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, வண்டி வாடகை, முன்பணம். சண்டை வருவது முன்பணத்தில்தான், எனவே பழைய பாக்கி அதே திரையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இன்னொரு பக்கத்தைத் திறந்து தேடச் சொல்லக் கூடாது. அமெரிக்கப் படிவத்தைப் பார்த்து முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டால் இங்கே முதல் நாளே குழப்பம். நம்மிடம் இருப்பது இனிஷியலும் பெயரும். ஒரே ஊரில் மூன்று செல்வராஜ் இருந்தால் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போட்டால் ஆள் கிடைக்க வேண்டும். டாஷ்போர்டு, வரைபடம், வட்ட விளக்கப்படம் எதுவும் வேண்டாம். மண்டிக்காரருக்கு அன்றைய நிலவரம் திரையைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அரியலூரில் சிமெண்ட் ஏற்றும் லாரிக்காரர்கள் கதை வேறு. அவர்களுக்கு 2018 முதல் இ-வே பில் கட்டாயம். வாங்க ஆள் நிச்சயம். ஆனால் அரசுத் தளத்தில் விதியோ வடிவமோ மாறும்போதெல்லாம் மறுநாள் காலைக்குள் நம் செயலியும் மாற வேண்டும். இரண்டு பேர் நடத்தும் தொழில் அதைத் தாங்காது. கட்டாயம் இருக்கும் சந்தை எளிது என்று தோன்றும். ஆனால் அங்கே அடுத்து எப்போது வேலை செய்வது என்பதைக் கூட நாம் முடிவு செய்ய முடியாது.

ஆடி 11

வரவின் வழி திரையை எவ்வளவு ஆழமாக மாற்றும் என்பதற்கு இன்னொரு சான்று. உலகம் முழுக்க இணையச் செயலிகள் மாதச் சந்தாவில் ஓடுகின்றன: அட்டை எண் ஒருமுறை, பிறகு மாதாமாதம் தானாகக் கழியும். இந்தியாவில் 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கழிவுக்கும் 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு, 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் ஒப்புதல். 2022இல் அந்த வரம்பு 15,000 ஆனது. வங்கிகள் தயாராக இல்லாததால், விதி நடைமுறைக்கு வந்தபோது பல சந்தாக்கள் அப்படியே நின்றன. இதைத் தொல்லை என்று பலர் புலம்பினார்கள். சிறிய தொழிலுக்கு இது ஒரு வழிகாட்டல் என்பேன். மாதச் சந்தாவையே விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பிந்திய வரத்து மாதத்தில், யுபிஐ கியூஆரில் வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமும் கிடையாது. கட்டண வாசல் இணைப்பு, தோற்றுப்போன அட்டைக்கு மறுமுயற்சி, திட்டம் மாற்றும் பக்கம், பாதி மாதக் கணக்கு என எழுத வேண்டிய நிரலில் ஒரு பெரும் பகுதி எழுதாமலே மிச்சம். ஐம்பது வாடிக்கையாளர் என்றால் வரவை நோட்டில் குறித்து, கையாலேயே ஓராண்டு நீட்டித்துவிடலாம்.

கையால் செய்வது வளராதே என்பார்கள். வளராதுதான். ஐந்நூறு பேர் வந்த பிறகு அந்த நிரலை எழுதலாம். அப்போது எழுதுவதற்கான காசும் கையில் இருக்கும்.

ஆடி 18

ஜோஹோவைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்து, உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்கிறார்களே, நீ ஏன் வெங்காய மண்டியில் நிற்கிறாய்? வரிசையைக் கவனிக்க வேண்டும். அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996இல் தொடங்கி, வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருளை விற்றுச் சம்பாதித்த காசில்தான் 2005இல் இணையச் செயலிகளுக்கு வந்தார்கள். கிராமத்து அலுவலகம் அதற்கும் பிறகு. காசுள்ள தொழில் கிராமத்துக்குப் போகலாம் என்பதற்கு மத்தளம்பாறை சான்று. கிராமத்தில் தொடங்கினால் காசு வரும் என்பதற்குச் சான்று அல்ல. ஜோஹோவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: வெளி முதலீடு இல்லாமல், ஒரு பொருளின் வரவில் அடுத்த பொருளைச் செய்தது.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனம் இதைவிட வலுவான மறுப்பு. திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கி, முதலீட்டாளர் பணத்தில் வளர்த்து, 2021இல் நாஸ்டாக் வரை கொண்டுபோனார். அந்த வழி பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் உலகச் சந்தையைக் கேட்கும். மண்டிக்காரரின் பட்டியல் திரை முதல் கூட்டத்திலேயே கைவிடப்படும். எந்த வழி சிறந்தது என்பதல்ல கேள்வி. ஒரு வழியின் பணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு வழியின் பொருளைச் செய்ய முடியாது.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருகிறது, பட்டியல் திரையை யாரும் ஒரு வாரத்தில் செய்துவிடலாம் என்பது புது மறுப்பு. செய்யட்டும். இந்தத் தொழிலில் செலவு எழுதுவதில் இருந்ததைவிட, மண்டி பரபரப்பாக இருக்கும்போது எடை தவறாகப் பதிந்துவிட்டது என்று வருகிற போனை எடுப்பதில்தான் அதிகம். போன் எண்ணிக்கையைக் குறைக்கிற திரைதான் லாபம் தருகிற திரை. பதிந்ததைத் திருத்த ஒரு பொத்தான், திருத்தியவர் யார் என்று அருகிலேயே ஒரு வரி: அதோடு பாதி போன் நின்றுவிடும்.

ஆடி 24

ஒரு மறுப்புக்கு மட்டும் முழுப் பதில் கிடையாது. ஒருவர் இருவர் நடத்தும் தொழிலை நம்பி மண்டிக்காரர் ஏன் தன் பாக்கிக் கணக்கை ஒப்படைக்க வேண்டும்? அந்த ஒருவர் படுக்கையில் விழுந்தால்? பெரிய நிறுவனங்களும் சேவைகளை மூடுகின்றன என்பது உண்மை, ஆனால் அது பதில் அல்ல. செய்யக்கூடியது மூன்று. முதலாவது, முகப்பிலேயே, அமைப்புகளுக்குள் புதைக்காமல், எல்லாக் கணக்கையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளும் பொத்தான். சந்தா முடிந்த பிறகும் அது வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, ஓராண்டுக்கு மேல் முன்பணம் வாங்காமல் இருப்பது. மூன்று ஆண்டுக்குத் தள்ளுபடி கொடுத்தால் கையில் காசு சேரும், உண்மைதான். தொழில் நடுவில் நின்றால் அது திருப்பித் தர வேண்டிய கடன். மூன்றாவது, தினமும் மாலை அன்றைய பட்டியல்கள் மண்டிக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஒரே பிடிஎஃப் ஆகப் போனால், வழங்கி எரிந்து போனாலும் நேற்று வரையிலான கணக்கு அவர் கைபேசியில் இருக்கும். செயலியை விட்டுப் போகும் வழியை இத்தனை எளிதாக்கினால் ஆள் போய்விட மாட்டாரா என்று கேட்கலாம். சிலர் போவார்கள்.