கோட்டுக்கு உள்ளே யார்?

அமெரிக்கக் குடியுரிமை நேர்முகத்துக்குப் படிக்க அப்போது நூறு கேள்விகள் தந்தார்கள். பத்துக் கேட்பார்கள், ஆறு சரியென்றால் பாஸ். அரசின் ஒரு பிரிவு மிதமிஞ்சிய பலம் பெறாமல் தடுப்பது எது என்பது அதில் ஒன்று. விடை: அதிகாரப் பிரிப்பு. நியூஜேர்சியில் இரவு வேலை முடிந்து வந்து இதைப் பாடமாக்கும்போதெல்லாம் எனக்கு இலங்கை ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜயவர்தனதான் ஞாபகம் வருவார்.

கிழக்கிலங்கையில் எங்கள் கரைக்கு 1978 புயல் வருஷம். நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை வைத்துத்தான் கல்முனைப் பக்கம் எங்கள் பெரியநீலாவணையில் பழைய ஆட்கள் பிள்ளைகளின் வயதையே சொல்வார்கள். அதற்குப் பதினொரு கிழமைக்கு முன் நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்ட புதிய யாப்பு அமுலுக்கு வந்ததை யாரும் அப்படி ஞாபகம் வைக்கவில்லை. பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆசனம் ஜே.ஆரின் கட்சிக்கு. 1982இல் அந்த எம்.பி.மாரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். சட்டமன்றம் நிறைவேற்றுத்துறையின் லாச்சிக்குள் போயிற்று.

இப்படி நடக்கும் என்று 1788இலேயே பயந்தவர் அமெரிக்க யாப்பை வகுத்தவர்களில் ஒருவரான மடிசன். ஹமில்டன், ஜே ஆகியோருடன் சேர்ந்து 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளில் 51ஆவது இதைப் பற்றியது. பதவியில் இருப்பவரின் நல்ல குணத்தை நம்பாமல், ஒருவர் ஆசைக்கு இன்னொருவர் ஆசையை எதிரே நிறுத்தச் சொன்னார். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: ஆட்சியாளரிடமிருந்து மக்களைக் காப்பது பாதி வேலைதான், மக்களில் பெரிய கூட்டத்திடமிருந்து சிறிய கூட்டத்தைக் காப்பது மீதிப் பாதி. நூறு கேள்விகளில் அந்தப் பாதி வரவில்லை.

எங்கள் ஊருக்கு அது தெரியும். தமிழ் இயக்கங்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டால்தான் வடக்கையும் கிழக்கையும் இணைக்கலாம் என்று பாராளுமன்றம் சட்டத்தில் நிபந்தனை வைத்திருந்தது. 1988இல் ஜே.ஆர். அதை அவசரகால ஒழுங்குவிதியால் தளர்த்தி இணைத்தார். அந்த இணைப்பு செல்லாது என்று 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரப் பிரிப்புக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

அன்று மச்சான் கோல் எடுத்தான். "வடகிழக்கில முஸ்லிம்கள் நாம ஆறில ஒரு பங்கு. கிழக்கில மூணில ஒரு பங்கு. இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம்." அடுத்த ஒழுங்கையில் இருந்த என் பள்ளிக்கூடக் கூட்டாளி, தமிழன், ஒரே ஒரு வசனம்தான் சொன்னான்: "எங்களுக்கெண்டு இருந்ததையும் பிரிச்சுப் போட்டாங்க." ஒரே தீர்ப்பு, ஒழுங்கைக்கு ஒரு நியாயம்.

2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கேட்டுத் தமிழர் தரப்பில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இங்கே கணக்கு தலைகீழ். தீவில் சிங்களவர் கூட, வடகிழக்கில் தமிழர் கூட, கல்முனையில் நாங்கள் கூட. கோட்டை எங்கே இழுத்தாலும் உள்ளே ஒரு சிறிய கூட்டம் அகப்படும்.

பல கூட்டங்கள் கலந்திருந்தால் எதுவும் தனியாக ஆட முடியாது என்பது மடிசன் சொன்ன மருந்து. கிழக்கு மாகாணத்தில் எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அந்த மருந்து எங்கள் முற்றத்திலேயே இருக்கிறது. ஆனால் மடிசனும் தன் தோட்டத்து அடிமைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தனக்குக் கேட்ட காவலைத் தன்னிலும் சிறியவருக்குக் கொடுக்க எந்த யாப்பும் ஆளைப் பழக்குவதில்லை. ஆகவே செயலகம் எந்தக் கோட்டில் அமைந்தாலும், உள்ளே குறைவாக இருக்கப்போகிறவருக்கு என்ன உத்தரவாதம் என்பதைக் கல்முனையில் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் எங்கள் ஆட்கள். அங்கே கூட இருப்பது நாங்கள்.