பட்டாளம் இல்லாத நாட்டில் ஒரு போர்

1948-லேயே இராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு கோஸ்டாரிகா. அதன் அதிபர் ரொட்ரிகோ சாவேஸ், தன் நாடு போரில் இருப்பதாக 2022 மே மாதம் சொன்னார். எதிரி யார் தெரியுமா? கான்டி என்ற ரேன்சம்வேர் கும்பல்!

ஏப்ரலில் நிதி அமைச்சகக் கணினிகளுக்குள் புகுந்த கும்பல், கோப்புகளைத் திருடிவிட்டுப் பூட்டும் போட்டது. கேட்ட தொகை 1 கோடி டாலர். அரசு மறுத்ததும் அது 2 கோடியானது. வரி வசூலும் சுங்கத்துறையும் முடங்கின, சரக்குகள் தேங்கின. மே 8-ல், பதவியேற்ற அன்றே, சாவேஸ் தேசிய அவசரநிலை அறிவித்தார். மே 31-ல் ஹைவ் என்ற இன்னொரு கும்பல், அரசு மருத்துவமனைகளை நடத்தும் சமூகப் பாதுகாப்பு நிதியத்தைத் தாக்கியது. டாக்டர்கள் மறுபடி பேப்பரும் பேனாவும் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது.

ஒரு கம்பெனியின் கணினி பூட்டப்பட்டால் அது போலீஸ் கேஸ். வரி, சுங்கம், ஆஸ்பத்திரி எல்லாம் அடுத்தடுத்து நின்றால்? திருடனுக்கு வேண்டியது பணம்தான். ஆனால் அடிபடுவது தேசம். அப்படியானால், நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த ஒரு பேக்கப்பும் எல்லைக்காவல்தானே? பாதுகாப்பு பட்ஜெட்டில் அதற்கும் ஒரு பங்கு வேண்டாமா?