வண்டலூரில் அகழிக்கு அந்தப் பக்கம்

விடுமுறைக்குச் சென்னை போகும் கிராமத்துக் குடும்பங்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவை விடுவதில்லை. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிவைத்தது இது. பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே நெருக்கடியான கூண்டுகளில் நூறாண்டுக்கு மேல் நடந்தது. 1985-ல் வண்டலூரில் திறந்தபோது, கம்பிக்குப் பதில் அகழி வந்தது. மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர், சுமார் 1,490 ஏக்கர். ஆனால், ஒரு புலிக்குக் கிடைப்பது அதில் ஒரு துண்டுதான்.

குட்டைக் கயிற்றில் நாளெல்லாம் கட்டிய மாடு தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும், கட்டுத்தறியை நக்கும். மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். அடைபட்ட புலி ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்புவதும் அந்த ரகம்தான். மாடாவது பல ஆயிரம் ஆண்டுகள் மனிதரோடு பழகியது. புலிக்கு அந்தப் பழக்கமும் இல்லை. யானைக்கு நடக்க இடம் போதாது என்பதால்தான், அவற்றைப் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கு மாற்றும்படி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-ல் உத்தரவிட்டது. 2021 ஜூனில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் இரண்டு இங்கே இறந்தன. மனிதரின் நோயைவிட்டு விலகிப்போக அவற்றுக்கு வழியில்லை.

அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிட முடியாது. கைத்தீனியில் வளர்ந்த விலங்கு காட்டில் பிழைக்காது. பசித்தால் ஊருக்குள்தான் வரும். அழிவின் விளிம்பிலுள்ள சிங்கவால் குரங்கு இங்கே குட்டி போடுகிறது. அந்த வேலைக்கு இடம் கொடுக்கலாம். வெறும் வேடிக்கைக்காகப் புதிதாக ஒன்றைப் பிடித்து அடைப்பதுதான் ஒப்பமுடியாதது.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.